பின்னால் போகிறவனுக்கு இரண்டும்

இரவு மணி பதினொன்று நாற்பது. நவம்பர் மாதம். ஆற்றங்கரை ஊரிலிருந்து மேடேறிப் போகும் பழைய சாலை... இரண்டு பக்கமும் அறுவடை முடிந்த சோளக்கொல்லை. பன்னிரண்டு மைலுக்கு ஒரு வீடு கிடையாது. ஒரு விளக்குக் கிடையாது.

பொறுங்கள், அந்தப் பெரிய விளக்கை அணையுங்கள். அலமாரிமேல் இருக்கிற சின்ன விளக்கு போதும். எழுந்து போகிறவர்கள் இப்போதே போய்விடுங்கள். நடுவில் எழுந்தால் கதையும் கெடும், கால் பட்டுக் கண்ணாடியும் உடையும். வருடா வருடம் அக்டோபரில் பழங்கண்ணாடிப் பாத்திரம் சேர்க்கிறவர்களின் மாநாட்டுக்கென்று ஒஹையோவுக்கு வந்து, ஹோட்டல் கட்டிலைக் கண்ணாடிக்குக் கொடுத்துவிட்டுத் தரையில் சுருண்டு கிடக்கிற பைத்தியங்கள் நாம். நமக்கு நடக்காதது வேறு யாருக்கு நடக்கும்? இது எங்கேயோ கேட்ட கதை இல்லை. போர்வையைச் சுற்றிக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருக்கிறாளே லோரீன், அவளுடைய தாய்மாமாவுக்கு நடந்தது. நான் தப்பாகச் சொன்னால் அவள் திருத்தட்டும்.

மாமாவின் பெயர் ஹார்லன். பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். மனைவி போய்ப் பல வருடம் ஆகிவிட்டது. அன்று இரவு தன் பழைய வண்டியில் தனியாக வந்துகொண்டிருந்தார். தனியாக என்றா சொன்னேன்... பக்கத்து இருக்கையில் பஞ்சு மெத்தைத் துணியால் நாலு சுற்றுச் சுற்றி, மேலே இருக்கைப் பட்டையும் போட்டு, ஒரு கிண்ணம் உட்கார்ந்திருந்தது. விருந்தில் பழரசம் ஊற்றி வைக்கிற பெரிய கிண்ணம். கார்னிவல் கண்ணாடி. கடும் நீலம். மேலே திராட்சைக் கொத்து. மழைத் தண்ணீரில் பெட்ரோல் சிந்தினாற்போல அதன்மேல் ஓடும் வண்ணம் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

அது எமெட்டின் கிண்ணம். எமெட் செத்து எட்டு நாள் ஆகியிருந்தது.

எமெட் குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்குகிற உலைகளைப் பழுது பார்க்கிறவன். ஹார்லனுக்கு முப்பத்தோரு வருடச் சிநேகிதன். செத்தவரை அவன் இவன் என்று சொல்வதற்கு யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம். ஹார்லன் அப்படித்தான் சொல்வார். ஒரே வருடத்தில், வேறு வேறு ஊரில், இவருக்கு அந்தக் கிண்ணத்தின் பீடம் கிடைத்தது, அவனுக்கு மேல் கிண்ணம் கிடைத்தது. இரண்டும் நீலம், இரண்டும் அதே திராட்சை. ஒன்றின்மேல் ஒன்றை வைத்தபோது மூடி போட்ட மாதிரி உட்கார்ந்துகொண்டது. விற்க இருவருக்கும் மனசில்லை. அன்று ஒரு பேச்சு பேசிக்கொண்டார்கள். முதலில் சாகிறவனுடையது மற்றவனுக்கு. பின்னால் போகிறவனுக்கு இரண்டும். அவ்வளவுதான். எழுத்து இல்லை, சாட்சி இல்லை.

அதிலிருந்து ஒவ்வொரு அக்டோபரிலும் இதே மாநாட்டில் வியாழன், வெள்ளி, சனி, மூன்று இரவு கிண்ணமும் பீடமும் சேர்ந்திருக்கும். சனி ராத்திரி விருந்து முடிந்ததும் பிரிப்பார்கள். கட்டுகிற வேலை எமெட்டுடையது. ஹார்லனுக்குக் கை கொஞ்சம் நடுங்கும். செய்தித்தாளில் சுற்றி, இரண்டு முனையையும் மிட்டாய்க் காகிதம் போல முறுக்கி, மெழுகுப் பென்சிலால் ஒரு கட்டின்மேல் ‘எமெட்’, இன்னொன்றின்மேல் ‘ஹார்லன்’ என்று சாய்ந்த எழுத்தில் எழுதுவான். வாயில் எப்போதும் அந்த இளஞ்சிவப்பு மிட்டாய் இருக்கும். வலித் தைலத்தை மென்று தின்பதுபோல வாசனை அடிக்குமே, அது.

இன்னொன்றும் உங்களுக்குத் தெரியும். தன் கண்ணாடியைத்தான் விரலால் சுண்டிப் பார்க்கலாம். அடுத்தவன் கண்ணாடியைச் சுண்டினால், விளக்குக்கு நேரே பிடித்தால், ‘உன்னை நம்பவில்லை’ என்று முகத்துக்கு நேரே சொன்ன மாதிரி. முப்பத்தோரு வருடத்தில் எமெட்டின் கிண்ணத்தை ஹார்லன் ஒரு தடவைகூடச் சுண்டியதில்லை. எமெட் கட்டிக் கொடுத்ததை வீட்டில் பிரித்து, அப்படியே அலமாரியில் வைத்துவிடுவார். விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்ததும் இல்லை.

அந்தக் கடைசி அக்டோபரில் மட்டும் ஒன்று நடந்தது. சனி ராத்திரி விருந்து. எமெட்டுக்கு ஒரே இருமல். முகம் மெழுகாக இருந்தது. மேசையில் எட்டுப் பேர். ஹார்லனுக்கு வாய் சும்மா இருக்காது.

“இருமல் நல்லாத்தான் வருது எமெட். பீடத்தைத் துடைச்சு வச்சுக்கட்டுமா?”

மேசையே சிரித்தது. எமெட்டும் சிரித்தான். ஆனால் எல்லோரும் சிரித்து ஓய்ந்த பிறகுதான் சிரித்தான்... அன்று ராத்திரி வழக்கம்போல அவனே கட்டினான். மூன்று வாரத்தில் போய்விட்டான்.

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். சரி, வண்டிக்கு வருவோம்.

எமெட்டின் மனைவி நீவா, சொன்ன சொல் தவறாமல் கிண்ணத்தை எடுத்துக் கொடுத்திருந்தாள். பன்றி இறைச்சியும் உருளைக்கிழங்கும் போட்டுச் சாப்பிட வைத்து, பேசிப் பேசி அழுது, அனுப்பி வைக்க நேரமாகிவிட்டது. சாலையின் மேட்டில் ஏறும்போது ஹார்லனுக்கு முதலில் வாசனை வந்தது. வலித் தைலம்... மிட்டாய். சன்னல் நாலும் ஏற்றியிருந்தது.

அவருக்குப் பயம் வரவில்லை.

“சரிடா. பாத்துத்தான் ஓட்டுறேன்” என்றார்.

டிங்ங்ங்...

பிரேக்கை மிதித்துவிட்டார். வண்டி குறுக்கே திரும்பி நின்றது. பக்கத்தில் கிண்ணம் சுற்றினது சுற்றினபடி இருந்தது. நாலு சுற்றுப் பஞ்சுத் துணிக்குள் இருக்கிற கண்ணாடி எப்படி ஒலிக்கும்? தலையணைக்குள் மணி அடிக்குமா? வெளியே காற்றுகூட இல்லை. வயசாகிவிட்டது என்று தன்னையே திட்டிக்கொண்டு வண்டியை எடுத்தார்.

வீட்டுக்கு வந்ததும் தூக்கம் எங்கே வரும்? கோட்டைக்கூடக் கழற்றவில்லை. சாப்பாட்டு மேசையில் பீடத்தை வைத்தார். கிண்ணத்தைப் பிரித்து அதன்மேல் இறக்கினார்.

ஆடியது.

கொஞ்சம்தான். நாலில் ஒரு கால் குட்டையான நாற்காலி போல, டக்... டக். எடுத்துத் திருப்பி வைத்தார். டக். முப்பத்தோரு வருடமாக மூடி போட்ட மாதிரி உட்கார்ந்த கிண்ணம். பிறகு, தன் வாழ்நாளில் முதல்முறையாக, எமெட் கட்டிக் கொடுத்த தன் பீடத்தைத் தலைகீழாக்கி, விளக்குக்கு நேரே பிடித்தார்.

நீலம் இல்லை. கத்திரிப்பூ நிறம்.

மேலே ஓடுகிற வண்ணத்தில் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். அடியில் வெளிச்சம் பட்டால்தானே குட்டு உடையும்? அதே அச்சு, அதே திராட்சை, வேறு பீடம். சனி ராத்திரி கண்ணாடி விற்கிற ஏதோ ஒரு ஹோட்டல் அறையில் எமெட் அதை வாங்கியிருக்கிறான். நீலத்தை எடுத்துக்கொண்டு கத்திரிப்பூவைக் கட்டி, மேலே சாய்ந்த எழுத்தில் ‘ஹார்லன்’ என்று எழுதிக் கையில் கொடுத்திருக்கிறான். தோளில் தட்டி வழியனுப்பியும் இருக்கிறான்.

ஹார்லன் விடியும்வரை அந்த மேசையிலேயே உட்கார்ந்திருந்தார். பொருள் போனது ஒரு வருத்தம்தான், அது ஆறிவிடும். முப்பத்தோரு வருடம் யார் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம் என்று தெரியாமல் போனதே, அதுதான் அவரை அறுத்தது.

காலையில் நீவாவுக்குப் போன் செய்தார்.

“நீவா, எமெட் சாமான்ல நீலக் கலர்ல பீடம் ஒண்ணு இருக்கா பாருங்க.”

“பீடமா? அது உங்ககிட்ட இருக்கறதுதானே ஹார்லன்.”

“என்கிட்ட இருக்கறது வேற. கத்திரிப்பூ கலரு.”

அந்தப் பக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரும் சத்தம் கேட்டது.

“சாகறதுக்கு ரெண்டு நாள் முந்தி ஒண்ணு சொன்னாரு” என்றாள் நீவா. “பேப்பர்ல சுத்தி, ரெண்டு பக்கமும் முறுக்கி ஒரு கட்டு வச்சிருந்தாரு. சவப்பெட்டில கால்மாட்டுல வச்சிருன்னாரு. என்னதுன்னு கேட்டேன். ‘ஹார்லன் குடுத்தது’ன்னாரு. நீங்க ஆசையா குடுத்தீங்கன்னு நெனச்சேன். அன்னிக்கு உங்களை நெனச்சு அழுதேன்கூட.”

“நான் குடுக்கல நீவா.”

“எனக்கு எப்படித் தெரியும்?”

“இப்ப... அதை எடுக்க முடியுமா?”

“என்ன கேக்கறோம்னு தெரிஞ்சுதான் கேக்கறீங்களா? அவரு எனக்குப் புருஷன், ஹார்லன்.”

போனை வைத்துவிட்டாள். ஹார்லன் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவருக்கு இன்னொன்று ஞாபகம் வந்துவிட்டது. சவப்பெட்டியைத் தூக்கிய ஆறு பேரில் அவரும் ஒருவர். கால்மாட்டுப் பக்கம். கல்லறை மேட்டில் ஏறும்போது ஈரப் புல்லில் அவருக்குக் கால் லேசாக வழுக்கியது. அப்போது பெட்டிக்குள்ளிருந்து ஒரு சத்தம்... டிண். பிடியில் மோதிரம் பட்டது என்று நினைத்துக்கொண்டார். தன்னுடைய பீடத்தைத் தன் கையாலேயே சுமந்துபோய்க் குழியில் இறக்கிவிட்டு, ஒரு பிடி மண்ணும் போட்டுவிட்டு வந்திருக்கிறார். கூட இருந்தே குழி பறிப்பான் என்பார்கள். இவன் குழிக்குள் போயும் பறித்தான்.

சாயங்காலம் நாலு மணி. கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு கல்லறைக்குப் போனார். வெளிச்சம் இருந்தது. ஆள் இல்லை. எமெட்டின் மேல் மண் இன்னும் மஞ்சளாக, ஈரமாக, பிசுபிசுவென்று கிடந்தது. கிண்ணத்தை அவன் தலைமாட்டுக் கல்லிலேயே போட்டு உடைத்துவிட வேண்டும் என்றுதான் போனார். தலைக்கு மேலே தூக்கியும்விட்டார். கை வரவில்லை. நம்மில் யாருக்கும் வராது. இறக்கிவிட்டார்.

“எட்டுப் பேருக்கு முன்னாடி ஒரு வார்த்தை சொல்லிட்டேன். வாஸ்தவம். திருப்பி நாலு வார்த்தை ஏசியிருந்தா வாங்கிட்டிருப்பேனே. இப்படிப் பண்ணுவியா? ஏன்டா?”

அவர் குனிந்து, கிண்ணத்தை அந்த மண்மேல் வைத்து, முப்பத்தோரு வருடம் செய்யாததைச் செய்தார். நகத்தால் சுண்டினார். அவமானப்படுத்துவதற்கென்றே சுண்டினார்.

டிங்ங்ங்...

ஒலி அடங்கியது. காற்று இல்லை. ஒரு காக்கைகூட இல்லை.

டிண்.

கீழேயிருந்து வந்தது. ஆறடி மண்ணுக்குள்ளிருந்து, அமுங்கி, ஆனால் தெளிவாக. தன் பீடத்தின் ஒலி ஹார்லனுக்குத் தெரியாதா? கிண்ணத்தைவிட ஒரு சுருதி மேலே நிற்கிற ஒலி. லோரீனிடம் அன்று இரவு போனில் சொன்னபோது, பயந்ததைக்கூட அவர் முதலில் சொல்லவில்லையாம்.

“என் பீடத்தைச் சுண்டுறான் லோரீன்” என்றாராம். “என்னோடதை. நான் இருக்கும்போதே.”

“மாமா, நீங்க தனியா இருக்க வேண்டாம். இங்க வந்துருங்க.”

“கண்ணாடியை விட்டுட்டா?”

மறுநாள் விடிந்தது. சாப்பாட்டு அறைக்குள் போனார். வலித் தைல வாசனை. மேசைமேல் கிண்ணம், பீடத்தின்மேல் உட்கார்ந்திருந்தது. விரலால் தள்ளிப் பார்த்தார். ஆடவில்லை... கிண்ணத்தை இறக்கிவிட்டுப் பீடத்தைத் தலைகீழாக்கினார். அடிக்குழிவில் மஞ்சள் களிமண் அப்பியிருந்தது. ஈரமாக. மண் இல்லாத ஓரத்தில் சன்னல் வெளிச்சம் பட்டது.

நீலம்.

கத்திரிப்பூப் பீடம் வீட்டில் எங்கேயும் இல்லை.

அந்த மனிதர் பயந்து ஓடியிருக்க வேண்டாமா? நீங்களாக இருந்தால் ஓடியிருப்பீர்கள். அவர் உட்கார்ந்து அழுதார். சந்தோஷத்தில். சிநேகிதன் திரும்பக் கொடுத்துவிட்டான், மன்னித்துவிட்டான், முப்பத்தோரு வருடம் பொய் இல்லை. அவருக்கு வேண்டியிருந்ததே அதுதானே? லோரீனைக் கூப்பிட்டுக் குழந்தை மாதிரிச் சொன்னார்.

“அவன் தப்பானவன் இல்லம்மா. கோவத்துல பண்ணிட்டான். மனசு கேக்காம கொண்டு வந்து வச்சுட்டான்.”

“மண்ணோட இருக்கா மாமா? அதைக் கழுவிடுங்க முதல்ல.”

“தொட மாட்டேன். நீவா வந்து பாக்கணும். இல்லைன்னா எனக்குக் கிறுக்குன்னு சொல்லுவா.”

நீவா மூன்று நாள் கழித்து வருவதாகச் சொன்னாள். முதல் இரவு நன்றாகத் தூங்கினார். இரண்டாம் இரவும் அப்படித்தான். கிண்ணமும் பீடமும் சேர்ந்திருந்தன.

மூன்றாம் இரவு ஒன்பதரைக்கு லோரீன் வழக்கம்போலப் பேசினாள். சாப்பிட்டீர்களா, கதவைப் பூட்டினீர்களா என்று கேட்டுக்கொண்டிருக்கும்போதே ஹார்லன் குறுக்கிட்டார்.

“இரு. யாரோ பேப்பர் பிரிக்கிறாங்க.”

“டிவியா மாமா?”

“இல்ல. சாப்பாட்டு ரூம்ல. வைக்காத, பாத்துட்டு வரேன்.”

போனை மேசையில் வைத்த சத்தம் கேட்டது. செருப்புச் சத்தம்... நின்றது. பிறகு லோரீனுக்கும் கேட்டது. செய்தித்தாள். ஒவ்வொரு தாளாக, நிதானமாக, சர்ர்... சர்ர்... அவசரமே இல்லாமல் ஒருவர் கண்ணாடி கட்டுகிற சத்தம். பிறகு முனையை முறுக்குகிற சத்தம், ஒரு பக்கம், மறுபக்கம்.

பிறகு மாமாவின் குரல். அலறவில்லை. நம்பின இடத்தில் ஏமாந்தவன் கேட்பதுபோலத் தாழ்ந்த குரலில் ஒரே ஒரு வார்த்தை.

“ஏன்டா?”

அதன்பிறகு மெழுகுப் பென்சில் காகிதத்தில் உரசுகிற சத்தம் மட்டும்...

லோரீன் இரண்டு மணி நேரம் வண்டி ஓட்டினாள். அதே சாலை. அதே பதினொன்று நாற்பது. கதவு உள்ளே தாழிட்டிருந்தது, போலீஸ்காரர்கள் வந்து உடைத்துத்தான் உள்ளே போனார்கள். ஹார்லன் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருந்தார். இரண்டு கையும் மேசைமேல் மல்லாந்து விரிந்திருந்தன, எதையோ வாங்கிக்கொள்ள நீட்டியவர்போல. இதயம் நின்றுவிட்டது என்றார் டாக்டர். வேறு என்ன சொல்வார்?

எதிர்நாற்காலி மேசையைவிட்டுப் பின்னால் தள்ளியிருந்தது. மேசைமேல் இரண்டு கட்டு. செய்தித்தாளில் சுற்றி, இரண்டு பக்கமும் முறுக்கி. ஒன்று பெரியது, ஒன்று சிறியது. இரண்டின்மேலும் சாய்ந்த எழுத்து. பெரியதன்மேல் ‘எமெட்’.

சிறியதன்மேலும் ‘எமெட்’.

பின்னால் போகிறவனுக்கு இரண்டும் என்றுதானே பேச்சு? செத்தவன் திரும்பி வந்து, முன்னால் போனது யார் என்கிற கணக்கையே மாற்றிவிட்டான். அப்படித்தான் நான் இத்தனை வருடமாகச் சொல்லி முடிப்பேன். இன்றைக்கு லோரீனே இங்கே இருக்கிறாள். சிறிய கட்டைப் பிரித்துப் பார்த்தது அவள் ஒருத்திதான். அதில் என்ன இருந்தது என்று இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. சொல்கிறாயா லோரீன்?

லோரீன் போர்வையை இழுத்துக்கொண்டாள்.

“நீல பீடம்தான்” என்றாள். “அடியில ஒரு பொட்டு மண்ணு இல்ல. நல்லாத் துடைச்சு வச்சிருந்துச்சு.”